விழும் நிரலும் எழுப்பும் காவலும்

ஆரணி என்றதும் பட்டும் அரிசியும் நினைவுக்கு வருவது இயல்பு. கமண்டல நாகநதியின் கரையிலுள்ள இவ்வூரில் பட்டு வாணிபம் ஒரே கூரையின்கீழ் நடைபெறுவதன்று; கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டும், சூரத்திலிருந்து வரும் ஜரிகையும், சாயமேறிப் பாவாகி, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய சுற்றுப்புறத்துக் குழித்தறிகளுக்குப் போய்ப் புடவையாகத் திரும்பும் வரையில், எந்தத் தறிக்கு எவ்வளவு பட்டு எடை போட்டுக் கொடுத்தோம், எவ்வளவு ஜரிகை மீந்தது, கூலியில் எவ்வளவு முன்பணமாகப் போயிற்று என்ற கணக்கு அன்றன்றைக்கு எழுதப்பட்டாக வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பேரேட்டில் நடந்துவந்த இந்தக் காரியம் இப்பொழுது கைபேசித் திரைக்குக் குடிபெயர்ந்து வருகிறது. அத்திரைக்குப் பின்னால், கடையின் மூலையிலோ கடல் கடந்த ஊரிலோ உள்ள ஒரு கணிப்பொறியில், இரவும் பகலும் விழித்திருக்க வேண்டிய நிரல் ஒன்று இருக்கிறது. அந்த நிரல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டு, நோட் ஜேஎஸ் என்னும் சாதனத்தின்மேல் ஓடுவதாக இருந்தால், அதை ஓயாது ஓடச் செய்வது எவ்வாறு என்ற கேள்வி எழுகிறது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினும், அதற்கு ஐம்பது ஆண்டு வரலாறும், சில கசப்பான சச்சரவுகளும், இன்னமும் முற்றிலும் தீராத ஒரு சித்தாந்தப் பிணக்கும் உண்டு. அவற்றை ஒருசேர நோக்க முயல்வதே இக்கட்டுரை.

1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட், உலாவியில் திறக்கும் பக்கங்களுக்குச் சற்று உயிரூட்டுவதற்காகப் பிறந்தது. உலாவியில் ஓடும் நிரலுக்கு ஆயுள் சொற்பம். பக்கத்தை மூடினால் அதன் கதை முடிந்தது. இடையில் பிழைபட்டு நின்றாலும், பார்ப்பவர் மறுபடி ஒருமுறை பக்கத்தைத் திறந்துகொண்டால் போயிற்று. நெட்ஸ்கேப் நிறுவனமே இம்மொழியைச் சர்வரிலும் ஓட்டுவதற்கு லைவ்வயர் என்ற பெயரில் அக்காலத்தில் ஒரு முயற்சி செய்தது; அது வேரூன்றவில்லை. 2008இல் கூகுளின் குரோம் உலாவியோடு வெளிவந்த வி8 என்னும் இயந்திரம் இம்மொழிக்கு எதிர்பாராத வேகத்தைக் கொடுத்தது. அதை உலாவியிலிருந்து பிரித்தெடுத்து, சர்வர் வேலைக்கேற்பப் பூட்டி, ரையன் டால் என்ற இளைஞர் 2009 நவம்பரில் பெர்லின் நகரத்து மாநாடொன்றில் நோட் ஜேஎஸ் என்ற பெயரோடு அறிமுகப்படுத்தினார். நான்கு ஆண்டுகளில், சென்னையில் பெரியதொரு பொறியியல் நிலையம் வைத்திருக்கும் பேபால் நிறுவனம், தன் கணக்குப் பக்கத்தை ஜாவாவிலும் நோட்டிலுமாக இருமுறை எழுதிப் பார்த்து, நோட்டில் எழுதியது விநாடிக்கு இரு மடங்கு கோரிக்கைகளைத் தாங்கியதாகவும் சராசரிப் பதில் நேரம் 35 சதவீதம் குறைந்ததாகவும் 2013இல் அறிவித்தது. நம் மாநிலப் பாடநூல்களில் 2018 முதல் அச்சாகிவரும் கியூஆர் குறிகளைப் பிள்ளைகள் கைபேசியில் காட்டினால் திறக்கின்ற தீக்ஷா தளத்துக்கு அடிப்படையான சன்பேர்ட் என்னும் மென்பொருளிலும், வாயிற்பக்கத்தைப் பரிமாறுவது நோட்தான். ஆகவே, சொற்ப ஆயுளுக்கெனப் பிறந்த மொழி இன்று நெடிது விழித்திருக்க வேண்டிய உத்தியோகத்தில் அமர்ந்திருக்கிறது.

இந்த உத்தியோக மாற்றத்தின் கஷ்டம் எங்கே இருக்கிறதென்பது, பழைய பிஎச்பி முறையோடு ஒப்பிட்டால் விளங்கும். பிஎச்பியில் எழுதிய கடைத்தளத்தில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரல் புதிதாகத் தொடங்கி, பதிலைக் கொடுத்துவிட்டு முடிந்துபோகும். ஒரு பக்கத்தில் நேர்ந்த பிழை அடுத்த பக்கத்தைத் தீண்டாது. வாயிலில் நிற்கும் அப்பாச்சி என்னும் சர்வரோ இயங்குதளத்தோடு கூடவே எழுந்து கூடவே அடங்குவது. அதை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. நோட்டின் கதை வேறு. அங்கே நிரல்தான் சர்வர், சர்வர்தான் நிரல். ஒரே இழையில், ஒரே சுழற்சியில், ஒரு தறிக்காரரின் பாக்கியையும் பெங்களூர் வியாபாரியின் ஆர்டரையும் அடுத்த கடைக்காரரின் ஜரிகை எடையையும் மாற்றி மாற்றிக் கவனித்துக்கொண்டிருக்கும் அந்த ஒற்றைப் ப்ராசஸில், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலில், யாரோ ஒருவர் எடையை நிரப்பாமல் அனுப்பிய படிவத்தால், இல்லாத பொருளின் பண்பைப் படிக்க முயன்று ஒரு வரி தடுக்கி விழுமானால், அந்த ஒருவருடைய கோரிக்கை மட்டும் விழுவதில்லை. அத்தனை பேருடைய இணைப்பும் ஒரே கணத்தில் அறுந்து, ப்ராசஸ் 1 என்ற வெளியேற்றக் குறியோடு மாய்ந்துபோகிறது.

அவ்வாறு மாய்வதற்கு இன்னும் காரணங்கள் உண்டு. எதிர்காலத்தில் கிடைக்கும் விடைக்கென இம்மொழியில் வைத்திருக்கும் பிராமிஸ் என்னும் ஏற்பாடு, நிராகரிக்கப்பட்டும் கவனிப்பாரற்றுக் கிடந்தால், முன்பெல்லாம் ஓர் எச்சரிக்கை அச்சாவதோடு சரி. 2020 அக்டோபரில் வந்த 15ஆம் பதிப்பு முதல் அதுவும் மரண காரணமாயிற்று. அந்தப் பதிப்புக்கு மாறிய பிறகு, நேற்று வரை நன்றாயிருந்த நிரல் இன்று விழுகிறதே என்று திகைத்தவர்கள் பலர். நினைவகம் சிறிது சிறிதாகக் கசிந்து, வி8 தனக்கு வகுத்துக்கொண்ட வரம்பை எட்டினாலும் முடிவுதான். அவ்வரம்பை எட்டுவதற்கு முன்பே கணிப்பொறியின் மொத்த நினைவகம் தீர்ந்துவிட்டால், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் தானே ஒரு பலியைத் தேர்ந்தெடுத்து, மறுக்க முடியாத 9ஆம் எண் சிக்னலால் கொன்றுவிடுகிறது. ‘பிடிபடாத பிழை ஒவ்வொன்றையும் ஒரே இடத்தில் பிடித்து, நிரலை விழாமல் நிறுத்திவிட்டால் என்ன?’ என்று ஆரம்பநிலை நிரல் எழுத்தாளர்கள் கேட்பதுண்டு. அதற்கான கைப்பிடி நோட்டில் இருக்கவும் இருக்கிறது. எனினும், அப்படிப் பிடித்த பிறகு வழக்கம்போல் தொடர்ந்து ஓடுவது பாதுகாப்பானதன்று என்றும், விழுந்ததைக் கண்டு எழுப்புவதற்கு வெளியே தனியாக ஒரு காவல் இருக்க வேண்டுமென்றும் நோட்டின் அதிகாரபூர்வமான ஏடே சொல்லுகிறது. பாதி எழுதிய கணக்கோடு நிதானமிழந்து நிற்கும் நிரலைத் தொடர விடுவதைக்காட்டிலும் அது விழுந்து எழுவதே மேல் என்பது இதன் நியாயம். இந்த இடத்திலிருந்துதான் நம் கேள்வி உண்மையில் தொடங்குகிறது.

தொடங்கும்போதே முதற்படியில் தடுக்குகிறவர்கள் மிகுதி. தொலைவிலுள்ள சர்வருக்குள் டெர்மினல் வழியாக நுழைந்து, நிரலை ஓட விட்டு, அது ஓடுவதைக் கண்ணாரக் கண்டு, மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறார் ஒருவர். வீடு சேருமுன் தளம் நின்றுவிட்டதென்று கடையிலிருந்து அழைப்பு வருகிறது. தொலைபேசிக் கம்பி வழியாக மோடத்தில் பேசிய காலத்தில், கம்பி அறுந்தால் அந்த டெர்மினலில் தொடங்கிய வேலைகளெல்லாம் அநாதையாக ஓடிக்கொண்டிருக்கக் கூடாதென்று யூனிக்ஸில் செய்த ஏற்பாடு இது: இணைப்பு போனதும் 1ஆம் எண் சிக்னல் அவ்வேலைகளுக்குப் போய்ச் சேரும், அதைப் பெற்றவை, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், முடிந்துபோகும். இந்தச் சிக்னலைப் பொருட்படுத்தாதே என்று சொல்லி நிரலைத் தொடங்கிவைக்கும் நோஹப் என்ற கட்டளை 1970களிலேயே யூனிக்ஸில் இருந்தது. 1987இல் வந்த ஸ்கிரீன், அதற்கு இருபது ஆண்டு பின்னர் வந்த டிமக்ஸ் ஆகியவை டெர்மினலையே சர்வரில் நிறுத்திவைத்து, நாம் போனாலும் அது போகாதபடி காக்கின்றன. இவையெல்லாம் மனிதன் விலகிச் செல்வதற்குப் பரிகாரமே யொழிய, நிரல் விழுவதற்குப் பரிகாரமல்ல. மின்சாரம் போய் வந்தால் இவற்றில் எதுவும் மிஞ்சுவதுமில்லை. ஆயினும், ஸ்கிரீனுக்குள் ஓட்டிவிட்ட நிரலை நம்பி மாதக்கணக்கில் வியாபாரம் நடத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

விழுந்ததை எழுப்பும் கலைக்கு வருவோம். காவலனுக்குக் காவலன் யார் என்று கேட்டுக்கொண்டே போனால், யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்களில் அந்தச் சங்கிலி ஓரிடத்தில் நிற்கும்: கெர்னல் முதன்முதலாகத் தொடங்கும், 1 என்ற எண் பூண்ட, இனிட் என்னும் ப்ராசஸ். சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில், இன்ன வேலை முடிந்தால் மீண்டும் தொடங்கு என்று அதனிடம் ஒரு வரியில் எழுதிக் கொடுக்கலாம். நுழைவு டெர்மினல்கள் அவ்வாறே உயிர்த்தெழுந்துகொண்டிருந்தன. லினக்ஸில் வழங்கிய அதன் வடிவம், இரண்டு நிமிஷத்தில் பத்து முறைக்குமேல் ஒரு வேலை விழுந்து எழுந்தால் ஐந்து நிமிஷம் அதை ஒதுக்கிவைத்துவிடும் விவேகத்தையும் கொண்டிருந்தது. விசித்திரம் என்னவெனில், இத்தனை நல்ல ஏற்பாடு கையில் இருந்தும், சர்வர் நிரல்களுக்கு அதைப் பிரயோகிக்காமல், தொடங்கு, நிறுத்து என்ற இரண்டே வித்தை தெரிந்த ஸ்கிரிப்டுகளையே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அவை நிரலைத் தொடங்கி, அதன் எண்ணை ஒரு கோப்பில் குறித்துவைத்துவிட்டுப் போய்விடும். நிரல் செத்தாலும் கோப்பில் எண் இருக்கும். அதே எண் நாளடைவில் வேறொரு ப்ராசஸுக்குக் கிடைத்து, நிறுத்தச் சொன்னால் சம்பந்தமில்லாத ஒன்றைக் கொல்லுவதும் உண்டு. 1990களின் இறுதியில் டி. ஜே. பெர்ன்ஸ்டைன் என்ற கணிதப் பேராசிரியர் டீமன்டூல்ஸ் என்ற சிறு கருவித்தொகுப்பினால் இந்தக் குழப்பத்தை அறுத்தெறிந்தார். காவலே நிரலைப் பெற்றெடுக்கட்டும். பிள்ளை இறந்தால் பெற்றவருக்குக் கெர்னல் தெரிவித்தே தீரும். எண்ணைக் கோப்பில் எழுதிவைத்துத் தேட வேண்டிய அவசியமே இல்லை என்ற அவருடைய எளிய எண்ணம், பின்னால் வந்த அத்தனை காவல்களுக்கும் அஸ்திவாரமாயிற்று.

நோட் உலகத்தார், இளமைக்குரிய தன்னம்பிக்கையோடு, தமக்கென்று தாமே காவல்களைச் சமைத்துக்கொண்டனர். 2010இல் நோட்ஜிட்சு நிறுவனத்தின் சார்லி ராபின்ஸ் எழுதிய ஃபாரெவர் முதலில் பிரபலமடைந்தது. இன்று அதன் ஆசிரியர் குழுவே, புதிதாகத் தொடங்குவோர் வேறு கருவிகளை நாடலாமென்று சொல்லிவிட்டது. அதே ஆண்டில் ரெமி ஷார்ப் எழுதிய நோட்மானைச் சிலர் காவலென்று மயங்கிக் கடைச் சர்வரிலேயே நிறுத்திவிடுவது வருந்தத்தக்கது. நிரலெழுதுவோர் கோப்பைத் திருத்தியவுடன் புதிதாக ஓட்டிக் காட்டுவதற்கான துணைக்கருவி அது. நிரல் பிழையால் விழுந்தால், யாரேனும் கோப்பைத் திருத்தும் வரையில் கைகட்டிக் காத்திருப்பதே அதன் சுபாவம். நள்ளிரவில் யார் திருத்தப் போகிறார்கள்?

2013இல் அலெக்சாண்டர் ஸ்ட்ரெசெலெவிச் தொடங்கிய பிஎம்2 இவற்றுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது. அதற்குத் தகுதியும் உண்டு. ஒரே கட்டளையில் நிரலைப் பின்னணிக்கு அனுப்பும்; விழுந்தால் எழுப்பும்; கணிப்பொறியின் மையங்கள் எத்தனையோ அத்தனை பிரதிகளை ஓட்டி, ஒன்றன்பின் ஒன்றாகப் புதுப்பித்து, புதிய பதிப்பை வாடிக்கையாளர் அறியாமலே ஏற்றும்; நினைவகம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தானே மறுதொடக்கம் செய்யும். ஆனால் பிஎம்2 என்பதும் நோட்டில் எழுதிய ஒரு நிரலே. கணிப்பொறி அணைந்து எழுந்தால் பிஎம்2ஐ எழுப்புவது யார்? அதற்கென்று ஒரு தனிக் கட்டளை கொடுக்க வேண்டும். கொடுத்தால், இன்றைய லினக்ஸில், பிஎம்2 தன்னைக் காக்கும்படி, 1ஆம் எண் ப்ராசஸாக அமர்ந்திருக்கும் சிஸ்டம்டிக்கு யூனிட் என்னும் அமைப்புக் கோப்பொன்றை எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆக, நிரலைக் காக்கும் நிரலைக் காப்பது சிஸ்டம்டி. சாதாரண வாடகைச் சர்வரொன்றில், ஒரே பிரதியாக ஓடும் பட்டுக்கடைக் கணக்குக்கு இந்த இடைத்தரகர் அவசியந்தானா என்பதே என் சந்தேகம். பிஎம்2 எழுதும் லாக் கோப்புகள் தனியொரு துணைப்பொருளை நிறுவாதவரையில் வரம்பின்றி வளர்ந்துகொண்டே போகும் என்பதையும், நிறுத்தச் சொன்னால் நிரலுக்கு 1.6 விநாடிதான் அவகாசம் தந்து, பிறகு கொன்றுவிடும் என்பதையும் அதன் அன்பர்களில் பலர் அறியார்.

சிஸ்டம்டியைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 2010 ஏப்ரல் இறுதியில் லென்னார்ட் பொட்டரிங் வெளியிட்ட நீண்ட கட்டுரையோடு இது உலகறிய வந்தது. கே சீவர்ஸ் அவருக்குத் துணையாயிருந்தார். 2011 மே மாதத்தில் ஃபெடோரா 15 இதனைத் தன் 1ஆம் எண் ப்ராசஸாக ஏற்றது. டெபியன் சமூகத்திலோ பெரும் பூசல் மூண்டு, 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழு வாக்கெடுத்து முடிவு செய்ய வேண்டியதாயிற்று. தோற்ற தரப்பில் சிலர் பிரிந்துபோய் தேவுவான் என்ற தனி இயங்குதளமே கண்டனர். 2015 ஏப்ரலில் டெபியன் 8உம் உபுண்டு 15.04உம் இதோடு வந்தபின், இன்று ஆரணியிலிருந்து யார் எந்த நிறுவனத்தில் லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்தாலும், பெரும்பாலும் சிஸ்டம்டி அதில் ஏற்கெனவே அமர்ந்திருக்கும். ஒன்றுக்குள் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்கிறது, யூனிக்ஸின் மரபுக்கு விரோதம் என்று எதிர்ப்பாளர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. 2016இல் வந்த 230ஆம் பதிப்பு, பயனர் வெளியேறியதும் அவருடைய மிச்ச ப்ராசஸ்களைக் கொல்லுவதை வழக்கமாக்கி, நோஹப், ஸ்கிரீன், டிமக்ஸ் எல்லாவற்றையும் ஒரே அடியில் பயனற்றதாக்கப் பார்த்தபோது எழுந்த கூக்குரல் நியாயமானதே. டெபியன் அந்த வழக்கத்தைத் தன் பதிப்பில் மாற்றிவிட்டது. ஆனால் நம் காரியத்துக்கு வேண்டிய மட்டில், சிஸ்டம்டிக்கு நிகர் வேறில்லை. 2008 ஜனவரியில் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த சிகுரூப் என்னும் வசதியைக்கொண்டு, ஒரு சேவையின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாவரையும் ஒரே குடும்பமாக அடையாளம் கண்டு, தப்பியோட விடாமல் கணக்கு வைத்திருப்பது அதன் விசேஷம்.

அதற்கு நாம் எழுதித்தர வேண்டியது பத்துப் பன்னிரண்டு வரிகளுள்ள ஒரு கோப்பு. எந்தக் கட்டளையை, எந்தப் பயனரின் பெயரில், எந்த அடைவிலிருந்து ஓட்ட வேண்டும், விழுந்தால் என்ன செய்ய வேண்டும், எழும்போது யாருக்குப் பின்னால் எழ வேண்டும் என்பவையே அதன் சாரம். இதில் நேரும் இடர்ப்பாடுகள் சிலவே. அவையும் மறுபடி மறுபடி நேர்பவை. நோட்டை என்விஎம் என்ற கருவியின் மூலம் தன் வீட்டு அடைவில் நிறுவிக்கொண்டவர், டெர்மினலில் ஓடிய நிரல் சேவையாக ஓட மறுப்பதைக் காண்பார். சிஸ்டம்டிக்கு அவருடைய பாதைகள் தெரியா, நோட் இருக்குமிடத்தை வேரிலிருந்து முழுமையாக எழுத வேண்டும். 1024க்குக் கீழ்ப்பட்ட போர்ட்டுகளைச் சாதாரணப் பயனர் பிடிக்க முடியாதென்பதால், நிரலை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பெயரிலேயே ஓட்டிவிடுவது இன்னொரு பிழை; என்ஜின்எக்ஸ் என்னும் வாயிற்சர்வரை முன்னால் நிறுத்தி, நிரலைப் பின்னால் 3000 போன்ற எண்ணில் எளிய பயனரின் பெயரில் ஓட விடுவதே பழுத்த வழி. எல்லாவற்றிலும் சாதாரணமானது, சேவையைத் தொடங்குவதும், எழும்போதெல்லாம் தொடங்கும்படி பதிவு செய்வதும் வெவ்வேறு கட்டளைகள் என்பதை மறப்பது. தொடங்கியவர் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், அதன் விளைவு அடுத்த மின்தடை வரையில் வெளியே தெரியாது.

மின்தடையோ நம்மூரில் தேதி குறித்தே வருவது. மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்னின்ன பகுதிகளில் காலையிலிருந்து மின்சாரம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு நாளிதழில் வருவது நமக்குப் பழக்கமான செய்தி. கடையின் மூலையிலேயே சர்வரை வைத்திருப்பவரின் யூபிஎஸ் அத்தனை மணி நேரம் தாங்காது. மின்சாரம் திரும்பியதும் கணிப்பொறி தானே எழுவதற்கு, மதர்போர்டின் பயாஸ் அமைப்பில் ஒரு விருப்பம் உண்டு. பல கணிப்பொறிகளில் அது அணைந்தபடியே கடையிலிருந்து வருகிறது. காவலர்களின் சங்கிலி 1ஆம் எண் ப்ராசஸோடு முடிகிறதென்று மேலே சொன்னது ஆகவே பூரண உண்மையன்று. அதற்கும் கீழே ஒரு சிறு பித்தான் இருக்கிறது. அது ஒழுங்காக இருந்தாலும் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. கணிப்பொறி எழுகிறது, நம் நிரலும் எழுகிறது, தரவுத்தளமோ, திடீரென்று மின்சாரம் போனதால் தன் ஏடுகளைச் சரிபார்த்துக்கொண்டு, இன்னும் தயாராகவில்லை. தரவுத்தளத்தைக் காணாமல் நிரல் விழுகிறது. சிஸ்டம்டி, எழுப்பும்படி மட்டும் சொல்லி இடைவெளியைக் குறிக்காவிட்டால், ஒரு விநாடியில் பத்திலொரு பங்கு பொறுத்து மறுபடி எழுப்பும். பத்து விநாடிக்குள் ஐந்து முறை தொடங்கியாயிற்றென்றால் சலித்துக் கைவிட்டுவிடும். எட்டாவது விநாடியில் கைவிடப்பட்ட நிரல், இருபதாவது விநாடியில் தரவுத்தளம் தயாரான பின்னும், நாள் முழுதும் கிடந்தபடியே கிடக்கும். காவல் இல்லாததால் நேர்ந்ததன்று இது. காவலின் அவசரத்தால் நேர்வது. இரண்டு முயற்சிகளுக்கிடையில் ஐந்தோ பத்தோ விநாடி பொறுக்கும்படி ஒரு வரி எழுதினால் போதும். 2023இல் வந்த 254ஆம் பதிப்பு முதல், இந்தப் பொறுமையைப் படிப்படியாக நீட்டிக்கொண்டே போகவும் வழியிருக்கிறது.

கடைகளில் உண்மையில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அங்கே சர்வீசஸ் என்னும் நிர்வாகம், யாரும் உள்நுழையாமலே நிரல்களைத் தொடங்கிக் காக்கவல்லது. நோட் நேரடியாக அதன் பாஷையைப் பேசாதாகையால், என்எஸ்எஸ்எம் அல்லது நோட்-விண்டோஸ் என்ற இடையாளை வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட்அப் அடைவில் ஒரு குறுக்குவழியை இட்டுவிட்டு, கறுப்புச் சன்னலை யாரும் மூடாதீர்கள் என்று சீட்டு ஒட்டிவைப்பது காவலாகாது. நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே பொதியாக அடைத்து ஓட்டும் கன்டெய்னர்களைப் பற்றி, நம்மூர் அளவுக்கு இரண்டு சொல் போதும். 2013இல் வெளிவந்த டாக்கர், மறுதொடக்க விதியைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. ஆனால் கன்டெய்னருக்குள் நோட்டே 1ஆம் எண் ப்ராசஸாகி விடுவதால், நிறுத்தச் சொல்லும் சிக்னலைத் தானே ஏற்பாடு செய்து கேட்டுக்கொள்ளாவிட்டால் அது காதில் விழாது. டினி என்ற சிறு நிரல் இக்குறையைத் தீர்க்கவென்றே பிறந்தது. கன்டெய்னர்களைப் பல சர்வர்களில் நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ், விழுந்ததை எழுப்பப் பத்து, இருபது, நாற்பது விநாடி என்று இடைவெளியை இரட்டித்து, ஐந்து நிமிஷத்தில் வரம்பு கட்டுகிறது. சர்வர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பவர்களுக்கு அது உகந்தது.

விழுந்ததை மீண்டும் மீண்டும் எழுப்புவது சரியா என்பதுதான் ஆரம்பத்தில் குறிப்பிட்ட சித்தாந்தப் பிணக்கு. தறியூரில் இருந்துகொண்டு இதை நினைக்கும்போது ஜப்பானியத் தறி வல்லுநர் சக்கிச்சி டொயோடாவின் நினைவு வராமற் போகாது. 1924இல் அவர் முழுமைப்படுத்திய ஜி வகைத் தானியங்கித் தறியில், பாவின் இழை ஒன்று அறுந்தாலும் தறி தானே நின்றுவிடும். 1929இல் ஓல்டாம் நகரத்துப் பிளாட் சகோதரர் நிறுவனம் அதன் உரிமையை 1,00,000 பவுனுக்கு வாங்கியது. நின்றுவிட்ட தறியை மனிதன் வந்து பார்ப்பான். அறுந்த இழையை முடிவான். ஏன் அறுந்ததென்று ஆராய்வான். பழுதோடு ஓடுவதைவிட நின்றுபோவதே லாபம் என்பது டொயோடாவின் கொள்கை. கணிப்பொறிக்காரரின் கொள்கை இதற்கு நேர்மாறானது. எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்கென்று எர்லாங் மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜோ ஆம்ஸ்ட்ராங், விழுவதை விழ விடு, எழுப்புகிறவன் எழுப்புவான் என்ற தம் தத்துவத்தை 2003ஆம் ஆண்டு ஆய்வேட்டில் விவரித்தார். அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜார்ஜ் கண்டியாவும் அர்மாண்டோ ஃபாக்ஸும், நிறுத்துவதற்கென்று தனி வழியே வேண்டாம், விழுவதே நிறுத்தம், எழுவதே தொடக்கம் என்னும்படி மென்பொருளை அமைக்கலாமென்று எழுதினார்கள். தொலைபேசி இணைப்பகத்தில் ஓர் அழைப்பு விழுந்தால் மற்ற அழைப்புகளுக்குச் சேதமில்லை. எர்லாங்கில் ஒவ்வோர் அழைப்பும் தனிச் சிறு ப்ராசஸ். நோட்டிலோ, முன்பு கண்டபடி, ஒன்று விழுந்தால் யாவும் விழும். ஆகையால் ஆம்ஸ்ட்ராங்கின் தத்துவத்தை நோட்டுக்கு அப்படியே எடுத்து வருவது பொருந்தாது என்பது என் அபிப்பிராயம்.

மறுதொடக்கம் பழுதை மூடி மறைப்பதற்கு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. 2013இல் வால்மார்ட் நிறுவனத்தின் கைபேசித் தளம் நோட்டுக்கு மாறியபோது, அதன் சர்வர்களில் நினைவகம் மெல்லக் கசிவதை அவர்கள் கண்டார்கள். அவ்வப்போது மறுதொடக்கம் செய்துகொண்டு காலத்தைத் தள்ளியிருக்கலாம். வெளியே யாருக்கும் தெரிந்திராது. அவர்கள் விடாமல் தேடினார்கள். அப்போது நோட்டைப் பராமரித்த ஜாயென்ட் நிறுவனத்து டி. ஜே. ஃபான்டெயின், பழுது வால்மார்ட் எழுதிய நிரலில் அல்ல, நோட்டின் உள்ளேயே சில வரிகளில் இருப்பதைக் கண்டுபிடித்தார். திருத்தம் அவ்வாண்டின் நவம்பரில், அமெரிக்காவின் பெருவிற்பனை நாளுக்கு முன்பாகவே நோட் 0.10.22ஆம் பதிப்பில் வெளியாகி, உலகத்தார் அனைவருக்கும் பயன்பட்டது. பிஎம்2 போன்றவற்றில் நினைவக வரம்பை எழுதிவைத்து, தாண்டினால் எழுப்பிக்கொள் என்று விட்டுவிடுகிறவர், தம் பழுதை மாத்திரமல்ல, பிறர்க்கும் உதவியிருக்கக்கூடிய ஒரு கண்டுபிடிப்பையும் புதைத்துவிடுகிறார்.

விழாமலே கெட்டுப்போவதும் உண்டு. ஒற்றைச் சுழற்சியில், ஏதோ ஒரு கணக்கு முடிவில்லாமல் சுற்றத் தொடங்கினால், ப்ராசஸ் உயிரோடுதான் இருக்கும். ஒருவருக்கும் பதில் சொல்லாது. பெற்றவருக்கு மரணச் செய்தி வந்தாலல்லவா எழுப்புவார்? சிஸ்டம்டியின் வாட்ச்டாக் ஏற்பாட்டில், குறித்த இடைவெளிக்கொருமுறை நிரல் தான் நலமென்று தெரிவித்தாக வேண்டும்; தெரிவிக்கத் தவறினால் செத்ததாகவே கொள்ளப்படும். அதைக்காட்டிலும் எளியது, வேறோர் ஊரிலுள்ள கணிப்பொறியிலிருந்து சில நிமிஷத்துக்கொரு தடவை தளத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கச் செய்வது; அப்பக்கம் தரவுத்தளத்திலிருந்து ஒரு வரியாவது படித்துக் காட்டுவதாக இருக்க வேண்டும், நலம் என்று வெறுமனே அச்சிட்டால் பயனில்லை. இணைய இணைப்பு அறுந்ததையும், 90 நாளில் காலாவதியாகும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் புதுப்பிக்கப்படாததையும் உள்ளேயிருக்கும் எந்தக் காவலும் அறியாது, வெளியிலிருப்பதுதான் அறியும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், ஆரணியிலுள்ள ஒரு பட்டு மாளிகைக்கோ அரிசி ஆலைக்கோ நான் சிபாரிசு செய்யக்கூடிய ஏற்பாடு, டொயோடாவுக்கும் ஆம்ஸ்ட்ராங்குக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. லினக்ஸ் சர்வராயின், இயங்குதளத்தோடு வந்த சிஸ்டம்டியிடமே நிரலை நேரே ஒப்படைக்கலாம். நிறுத்தச் சொல்லும் சிக்னல் வந்ததும், புதிய கோரிக்கைகளை ஏற்காமல், கையிலுள்ளவற்றை முடித்துக்கொடுத்துவிட்டு வெளியேறும்படி நிரலில் சில வரிகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். சிஸ்டம்டி அதற்கு 90 விநாடி வரை பொறுக்கும், பாதியில் நிற்கும் பணப் பரிமாற்றத்துக்கு அது போதுமானது. விழுந்தால் பத்து விநாடி பொறுத்து எழுப்பட்டும். ஆனால் பத்து நிமிஷத்துக்குள் இருபது முறை விழுந்தால், எழுப்புவதை நிறுத்திவிட்டு மனிதனைக் கூப்பிடட்டும். தரவுத்தளம் தயாராவதற்கு, இருபது முயற்சிகளுக்குள் கழியும் மூன்று நான்கு நிமிஷம் தாராளம். அதற்குமேலும் விழுந்துகொண்டேயிருப்பது இழை அறுந்ததற்கு ஒப்பாகும். வரம்பே இல்லாமல் எழுப்பிக்கொண்டிருக்கச் சொன்னவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சேவை தோற்றுவிட்டதென்று சிஸ்டம்டி முடிவு செய்தால்தான், தோல்விக்கென்று நாம் குறித்துவைத்த அறிவிப்பு நிரல் ஓடும்; எந்நாளும் தோல்வியை ஒப்புக்கொள்ளாத காவல் எந்நாளும் யாருக்கும் செய்தி அனுப்பாது.

அந்தச் செய்தி யாருக்குப் போக வேண்டுமென்பதில் பலர் யோசிப்பதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் நிரல் ஆசிரியருக்கு மட்டும் போனால், அவர் நள்ளிரவில் விழித்துப் பார்த்தாலும், மறுநாள் காலையில் பாவு கொடுக்கும் நாளா, கூலி கொடுக்கும் நாளா, தை மாதத்து முகூர்த்த நெருக்கடியா என்பது அவருக்குத் தெரியாது. கடையின் கணக்குப்பிள்ளைக்கும் சேர்ந்து போகட்டும். பேரேட்டைத் திறந்து கையால் எழுதத் தொடங்குவதா, காத்திருப்பதா என்று தீர்மானிக்கக் கூடியவர் அவர்தாம். ஒரு மணிக்கொரு தரம் மட்டும் விழுந்து, உடனே எழுந்து, எந்த வரம்பையும் தொடாமல் நழுவிக்கொண்டிருக்கும் நிரலைப் பற்றி அவருக்குக்கூடச் செய்தி வராது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது: ஒவ்வொரு சேவையையும் தானாக எத்தனை முறை எழுப்பியது என்ற எண்ணைச் சிஸ்டம்டி வைத்திருக்கிறது. கடையடைக்குமுன் கல்லாக் கணக்கைச் சரிபார்க்கும் திரையிலேயே அந்த எண்ணையும் காட்டும்படி செய்துவிடலாம். நேற்றைக்கு இருந்ததைவிட அது இன்றைக்குக் கூடியிருக்குமானால், அன்றிரவே ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம்.